படம் கழித்துவிட்டவை: சமூக நகர்வுத் திரைப்படத்துக்குக் கோட்பாடு பொருத்திய ஒரு வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இளங்கலை சமூகவியல் இரண்டாம் ஆண்டில் சமூக அடுக்கமைவு, அதாவது சமூகம் மேல் கீழாகப் பிரிந்திருக்கும் விதம், பற்றிய தாள் ஒன்று உண்டு. அதன் இறுதிக் கட்டுரைப் பணியாக ஒரு திரைப்படத்தைக் கொடுத்து, 'மேல்நோக்கிய சமூக நகர்வை (ஒருவர் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு உயர்வதை) விளக்கும் குறைந்தது மூன்று கோட்பாடுகளை இதற்குப் பொருத்துக' என்று ஆசிரியர் கேட்டிருந்தார். நான் அந்தத் தாளின் இரண்டாம் மதிப்பீட்டாளர். வரைவுகளைப் படித்தேன், கலந்துரையாடல்களில் உட்கார்ந்தேன், இறுதி மதிப்பெண்ணில் எனக்கும் பங்கு இருந்தது. மாணவர்களையோ ஆசிரியரையோ அடையாளம் காட்டும் விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட படம் 2006இல் வெளியான 'த பர்சூட் ஆஃப் ஹாப்பினெஸ்'. கிறிஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைத் தழுவியது. கதை 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் கருவிகளில் சேமிப்பு முழுவதையும் போட்டுவிட்டு விற்க முடியாமல் தவிக்கும் ஒருவர், பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் ஊதியமில்லாத ஆறு மாதப் பயிற்சியில் சேர்கிறார். பயிற்சிக்கு வருவோர் 20 பேர், வேலை ஒருவருக்கு மட்டும். மனைவி பிரிந்து போகிறார், வீடு போகிறது, மகனோடு வீடற்றோர் காப்பகத்திலும் ரயில் நிலையக் கழிப்பறையிலும் இரவுகள் கழிகின்றன. முடிவில் வேலை அவருக்கே கிடைக்கிறது.

இந்தப் படத்தை ஆசிரியர் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அதை முன்பே பார்த்திருந்தார்கள், பலருக்குப் பிடித்தும் இருந்தது. பிடித்த ஒன்றின் மேல் கோட்பாட்டை வைத்துப் பார்க்கும்போது கோட்பாட்டின் கூர்மை தெரியும் என்பது அவர் எண்ணம். முதல் வரைவுகள் அந்த எண்ணத்தைக் காப்பாற்றவில்லை.

முதல் வரைவுகளில் கண்டது

ஏறக்குறைய எல்லா வரைவுகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. முதலில் கதைச் சுருக்கம். பிறகு செயற்பாட்டுவாதம் (சமூக அமைப்புகள் சமூகத்துக்கு ஏதோ ஒரு பயன் தருகின்றன என்பது), முரண்பாட்டுக் கோட்பாடு (அவை ஒரு தரப்பு மற்றொன்றைச் சுரண்டுவதால் நிற்கின்றன என்பது), குறியீட்டு இடைவினைவாதம் (மனிதர்கள் அன்றாடப் பழக்கத்தில் பொருள் உருவாக்குவதைப் பார்ப்பது) என்று மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரையறை. அதன்பின் 'இதைப் படத்தில் காணலாம்' என்ற வாக்கியம். கடுமையாக உழைத்தவர் உயர்ந்தார், ஆகவே செயற்பாட்டுவாதிகளான டேவிஸ்–மூர் சொன்னது சரி. பயிற்சி பெறுவோருக்குச் சம்பளம் இல்லை, ஆகவே மார்க்ஸ் சொன்னதும் சரி. ஒன்றோடொன்று முட்டும் இரண்டு கோட்பாடுகளும் அடுத்தடுத்த பத்திகளில் சண்டையில்லாமல் குடியிருந்தன.

தவறான தகவல் அதிகம் இல்லை. கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945இல் எழுதியதை மாணவர்கள் சரியாகவே சுருக்கியிருந்தார்கள்: சமூகத்துக்கு முக்கியமான, அரிய திறன் வேண்டும் பதவிகளுக்குத் தகுதியானவரை ஈர்க்கவே கூடுதல் வெகுமதி இருக்கிறது என்பது அது. அதற்கு 1953இல் மெல்வின் டியூமின் எழுதிய மறுப்பை ஒருவர்கூடக் கையில் எடுக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வே திறமை எங்கே இருக்கிறது என்று சமூகம் கண்டறிவதைத் தடுக்கிறது என்றார் டியூமின். அவருக்கு இந்தப் படத்தைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. நாயகனின் கணித மூளை நிறுவனத்தின் கண்ணில் படுவது எப்படி? அதிகாரி ஒருவரோடு டாக்சியில் போகும்போது, அவரால் முடியாத ரூபிக் கனசதுரத்தை நாயகன் தீர்த்துக் காட்டுகிறார். அந்த டாக்சிப் பயணம் இல்லையென்றால் அந்தத் திறமை யாருக்கும் தெரிந்திருக்காது. மாணவர்கள் இந்தக் காட்சியைத் 'திறமைக்கு மதிப்பு' என்ற தலைப்பில் வைத்திருந்தார்கள்.

இன்னொரு குழப்பம் சற்று ஆழமானது. படத்துக்குள் இருக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசுவதும் அந்தப் படம் என்ற படைப்பைப் பற்றிப் பேசுவதும் வேறு வேறு. நாயகன் ஏன் வென்றார் என்பது முதல் வகைக் கேள்வி. வென்றவரின் கதையை இப்படிச் சொல்ல ஒரு திரைத்துறை ஏன் பணம் போடுகிறது, எதை வைத்துக்கொண்டு எதை விட்டுவிடுகிறது என்பது இரண்டாம் வகை. 'உழைத்தால் உயரலாம் என்பதை இந்தப் படம் நிரூபிக்கிறது' என்று எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார்கள். கதை ஒன்றால் எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு சமூகம் உயர்வைப் பற்றித் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்கிறது என்பதற்குத்தான் அது சான்று.

எடுத்த முடிவுகள்

வரைவுகளுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆசிரியர் மதிப்பெண் போடாமலே திருப்பித் தருவது என்று முடிவு செய்தார். பணியின் வடிவத்திலேயே கோளாறு இருந்தது: மூன்று கோட்பாடுகளைக் கேட்டால் மூன்று பத்திகள் வரும். ஆகவே கேள்வி மாறியது. ஒவ்வொருவரும் ஒரே காட்சியை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரே கோட்பாட்டால் அதைப் படிக்க வேண்டும். அந்தக் கோட்பாடு சரியென்றால் படத்தில் எது நடந்திருக்கக் கூடாது என்பதையும் எழுத வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் பலரையும் திணறடித்தது. எதையும் மறுக்காத கோட்பாடு எதையும் விளக்குவதில்லை என்று வகுப்பில் சொல்வது எளிது, எழுத்தில் அதைச் செய்ய வைப்பது கடினம்.

கார்ட்னரின் வாழ்க்கையில் பொதுவெளியில் தெரிந்த உண்மைகளைப் படத்தோடு ஒப்பிடும் வேலையை விரும்பியவர்களுக்கு விடலாம் என்று நான் பரிந்துரைத்தேன். அவருடைய தன்வரலாறும் 2006இலேயே வெளிவந்திருந்தது. திரைக்கதை வாழ்க்கையைச் சுருக்கத்தான் செய்யும் என்பதால் இது வீண் வேலையாகிவிடும் என்று ஆசிரியர் தயங்கினார். சரிபார்ப்புப் பட்டியலாக மாறினால் வீண்தான். விடுபட்டவற்றில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் பயன் உண்டு என்ற வரம்போடு ஒப்புக்கொண்டார்.

ஒற்றைக் காட்சிகள்

இரண்டாம் சுற்றில் எல்லாம் சீராகிவிடவில்லை. சிலர் முதல் வரைவின் ஒரு பத்தியை மட்டும் நீட்டிக் கொடுத்தார்கள். ஆனால் நல்லவை உண்மையிலேயே நல்லவையாக இருந்தன.

ஒரு மாணவி கூடைப்பந்து மைதானக் காட்சியை எடுத்துக்கொண்டார். விளையாட்டு வீரனாவேன் என்று குதிக்கும் மகனிடம், நான் அதில் சராசரிக்கும் கீழே, நீயும் அப்படித்தான் இருப்பாய், இரவு பகலாக ஆடிக்கொண்டிருக்காதே என்கிறார் தந்தை. பையன் பந்தைப் பையில் திணிக்கிறான். பிறகுதான் தந்தை மனம் மாறி, உன்னால் முடியாது என்று யாரையும் சொல்ல விடாதே, நானாக இருந்தாலும் சரி என்கிறார். சுவரொட்டிகளில் ஏறுவது இரண்டாம் பாதி. மாணவி நின்றது முதல் பாதியில். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 'ஹேபிட்டஸ்' என்று அழைத்தது, வளர்ந்த சூழல் ஒருவருக்குள் பதித்துவிடும் மனப்போக்கை. தனக்கு எட்டாதது என்று சமூகம் வைத்திருப்பதை, தனக்கு வேண்டாதது என்று மனிதர் தாமே ஒதுக்கிவிடுவார் என்பது அதன் விளைவுகளில் ஒன்று. யாரும் தடுக்காமலே பந்து பைக்குள் போகும் அந்தச் சில நொடிகளில் அது நடக்கிறது என்று எழுதினார் அவர். எது நடந்திருக்கக் கூடாது? தந்தை மனம் மாறியிருக்கக் கூடாது. தான் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டுத் திருத்திக்கொள்ளும் மனிதரை, ஹேபிட்டஸ் தானாக ஓடும் இயந்திரம் என்று படிக்கும் வாசிப்பு விளக்காது. பூர்தியுவிடமே இதற்கு இடமுண்டா என்று தேடி, பழகிய உலகமும் மனப்போக்கும் பொருந்தாமல் போகும் நெருக்கடிகளில் அந்த மனப்போக்கு கேள்விக்கு உள்ளாகலாம் என்று அவர் சொல்வதையும் கண்டுபிடித்துச் சேர்த்திருந்தார். வகுப்பின் சிறந்த கட்டுரைகளில் அது ஒன்று.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனை எடுத்தவர்களுக்கு வேறு சிக்கல். பண்பாடு எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று 1938இல் கேட்டவர் அவர். இணங்குதல், புதுவழி காணுதல், சடங்குபோல் பின்பற்றுதல், விலகுதல், கலகம் என்று ஐந்து விடைகள் தந்தார். நாயகன் 'இணங்குபவர்' என்று எழுதிவிட்டு முடித்துக்கொண்டார்கள். டாக்சிக் கட்டணம் கொடுக்க முடியாமல் இறங்கி ஓடுகிறாரே, அதை என்ன செய்வது என்று ஆசிரியர் கேட்டார். வீடில்லை என்பதை அலுவலகத்தில் மறைப்பதும் இருக்கிறது. அந்த ஐந்தும் ஆளுமை வகைகள் அல்ல, குறிப்பிட்ட சூழலில் ஒருவர் எடுக்கும் நிலைகள் என்று மெர்ட்டனே சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் இணங்கித் தோன்றவே தெருவில் விதியை மீற வேண்டியிருக்கிறது என்று ஒருவர் திருத்தி எழுதியபோது கட்டுரை நிமிர்ந்தது.

வாழ்க்கையில் இருந்ததும் படத்தில் இல்லாததும்

ஒப்பிடும் வேலையை ஒரு சிறு குழு எடுத்துக்கொண்டது. அவர்கள் கொண்டுவந்ததுதான் இந்த நிகழ்வைப் பதிவு செய்ய எனக்குக் காரணம்.

படத்தில் நாயகன் சிவப்புக் கார் ஒன்றிலிருந்து இறங்கும் ஒருவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறார். பங்குத் தரகர் என்று பதில் வருகிறது, ஓரிரு வார்த்தைப் பேச்சோடு அவர் போய்விடுகிறார். உண்மை வாழ்க்கையில் அந்த மனிதர் போய்விடவில்லை. பயிற்சித் திட்டங்கள் நடத்திய பெரிய தரகு நிறுவனங்களின் கிளை மேலாளர்களை கார்ட்னர் சந்திக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான். படத்தில் பயிற்சிக்கு ஊதியமே இல்லை. உண்மையில் சிறிய உதவித்தொகை இருந்தது. படத்தில் அவர் கருவி விற்பவராக அறிமுகமாகிறார். உண்மையில் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து, பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவர் ஒருவரின் ஆய்வகத்தில் பணியாற்றி, ஆய்வுக் கட்டுரைகளில் இணை ஆசிரியராகவும் இருந்தவர். படத்தில் மகனுக்கு ஐந்து வயது. உண்மையில் அப்போது கைக்குழந்தைப் பருவம்தான்.

வயது மாற்றத்துக்குத் திரைக் காரணம் வெளிப்படை: பேசத் தெரியாத குழந்தையோடு வசனம் எழுத முடியாது. மற்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள் மாணவர்கள். அறிமுகம் செய்துவைத்த மனிதர் பூர்தியு சொல்லும் சமூக மூலதனம், அதாவது பயன்தரும் தொடர்பு. ஆய்வக அனுபவமும் கட்டுரைகளும் பண்பாட்டு மூலதனம், அதாவது அறிவும் தகுதியும். உதவித்தொகை பொருள் மூலதனம், எவ்வளவு சிறியதாக இருந்தாலும். கோட்பாடு எவற்றை எண்ணச் சொல்கிறதோ, சரியாக அவற்றைத் திரைக்கதை கழித்திருக்கிறது. கழித்தபின் எஞ்சுவது மன உறுதியும் ஒரு ரூபிக் கனசதுரமும்.

ரால்ஃப் டர்னர் 1960இல் சமூக நகர்வைப் போட்டி வழி என்றும் ஆதரவு வழி என்றும் பிரித்தார். முதலாவதில் எல்லோரும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறார்கள். இரண்டாவதில் ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியவரைக் கைப்பிடித்து ஏற்றுகிறார்கள். உண்மை வாழ்க்கையில் இரண்டும் கலந்திருந்தன. படம் ஆதரவைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு அதைப் போட்டியாக மாற்றியிருக்கிறது என்பது குழுவின் முடிவு. 'பெரும்பாலும்' என்ற சொல்லை நான்தான் சேர்க்கச் சொன்னேன். படத்திலும் ஆதரவின் சாயல் மிச்சமிருக்கிறது: ஓய்வூதிய நிதி ஒன்றைக் கையில் வைத்திருக்கும் பெரிய மனிதர், தந்தையையும் மகனையும் விளையாட்டரங்கின் தனி மாடத்துக்கு அழைத்துப் போகிறார். கணக்கைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாலும், அங்கே கைகுலுக்கிய மற்றவர்களின் முகவரி அட்டைகள் நாயகனுக்குக் கிடைக்கின்றன. நெருங்கிய உறவுகளைவிடத் தூரத்துப் பழக்கங்களே வேலை பற்றிய செய்தியைக் கொண்டுவருகின்றன என்று மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதியதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் இடம் படத்தில் வேறில்லை.

குழுவில் ஒருவர், இது திட்டமிட்ட கருத்துத் திணிப்பு, அமெரிக்கக் கனவை விற்பதற்காகவே உண்மையை வெட்டினார்கள் என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அந்த வரியை அடித்தார். வெட்டியவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதற்கு மாணவரிடம் சான்று இல்லை. இரண்டு மணி நேரக் கதைக்கு எவரும் வெட்டவே செய்வார்கள். வெட்டின் விளைவைப் பற்றிப் பேசலாம், நோக்கத்தைப் பற்றிப் பேச வேறு தரவு வேண்டும். மாணவருக்கு இது கோழைத்தனமாகத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை.

நிறவெறி பற்றிப் படம் காட்டும் மௌனத்தையும் இதே குழு தொட்டது. 1980களின் தொடக்கத்தில் ஒரு கறுப்பின மனிதர் தரகு நிறுவனத்துக்குள் நுழைகிறார், படம் அதைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. மேலதிகாரி அவரை மட்டும் சில்லறை வேலைகளுக்கு ஏவுவதைக் காட்டிவிட்டு, ஏன் என்பதைப் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறது. இதைத் தனிக் கட்டுரையாக எழுதியிருக்க வேண்டும். குழு இரண்டு பத்தியில் கடந்துபோனது குறைதான்.

ஒரு மறுப்பு

கலந்துரையாடலின் நடுவில் ஒரு மாணவர் எழுந்து, தன் தந்தை கூலி வேலையிலிருந்து சிறு தொழில்வரை வந்தவர் என்றும், இந்தக் கோட்பாடுகள் அவருடைய வியர்வையை அமைப்பின் கணக்கில் எழுதிவிடுகின்றன என்றும் சொன்னார். "அவர் எழுந்து நின்றது பொய்யா மேடம்?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்லாமல், அந்தக் கேள்வியையே கட்டுரையாக எழுத ஆசிரியர் அனுமதித்தார். எந்தக் கோட்பாடு, எந்த இடத்தில், தனிமனித முயற்சிக்கு இடம் விடவில்லை என்று சுட்டிக்காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாணவர், சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸின் 1959 நூலிலிருந்து தொடங்கினார். தனிப்பட்ட துன்பத்தையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்தறியச் சொன்னவர் மில்ஸ். 1982இன் இறுதியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த அளவில் அது யாருடைய சோம்பலும் அல்ல. ஆனால் அதே நெருக்கடிக்குள் படத்தின் நாயகன் தொலைபேசி ஒலிவாங்கியைக் கீழே வைக்காமலே அடுத்த எண்ணைச் சுழற்றி நாளுக்குச் சில நிமிடங்களை மிச்சம் பிடிக்கிறார், கழிப்பறைக்குப் போகும் நேரம் வீணாகாமலிருக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். இதை விளக்க விகிதம் போதாது என்று வாதிட்டார். தன் கேள்வியைக் கட்டுரையின் இறுதியில் அவரே மாற்றி அமைத்திருந்தார்: மற்றவர்கள் ஒன்பது மணி நேரத்தில் செய்வதை ஆறு மணி நேரத்தில் முடிக்கும் கட்டாயம் நாயகனுக்கு மட்டும் ஏன் வந்தது? காப்பக வரிசையில் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்பதால். முயற்சி அவருடையது, அந்த முயற்சியின் விலையை நிர்ணயித்தது வேறொன்று. தந்தையைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

விளைவு

மதிப்பெண்ணில் எனக்கும் ஆசிரியருக்கும் ஒரே ஒரு கட்டுரையில்தான் கருத்து வேறுபட்டது. ஒரு மாணவி நாயகனை விட்டுவிட்டு, பிரிந்துபோகும் மனைவி லிண்டாவைப் பற்றி எழுதினார். லிண்டா சலவை நிலையத்தில் இரட்டை ஷிஃப்ட் பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறார். படத்தில் அவர் நம்பிக்கையற்றவராகவும் சிடுசிடுப்பவராகவும் வந்து, பாதியில் வெளியேறுகிறார். கணவர் இறுதியில் அடையும் உயர்வில் அந்த ஷிஃப்டுகளின் பங்கு எங்கே பதிவாகிறது என்று கேட்டார் மாணவி. வர்க்க ஆய்வின் அலகு குடும்பமே என்றும், அதன் வர்க்கத்தைத் தொழில் சந்தையில் முதன்மை ஈடுபாடு உள்ள உறுப்பினரை வைத்து, பெரும்பாலும் கணவரை வைத்து, முடிவு செய்யலாம் என்றும் ஜான் கோல்ட்தோர்ப் 1983இல் வாதிட்டு, பெண்ணியச் சமூகவியலாளர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அந்த விவாதத்தைக் கொண்டுவந்து, குடும்பத்தை அலகாக வைத்தால் பிரிந்துபோன லிண்டா கணக்கிலிருந்து விழுகிறார், தனிநபரை அலகாக வைத்தால் அவர் கொடுத்த உழைப்பு விழுகிறது என்று காட்டினார். ஒற்றைக் காட்சி என்ற விதியை அவர் மீறிவிட்டார், படம் முழுக்க அலைந்திருந்தார். விதிப்படி மதிப்பெண் குறைய வேண்டும் என்றார் ஆசிரியர். அந்தக் கேள்விக்கு ஒற்றைக் காட்சி கிடையாது, லிண்டா காணாமல் போவதே தரவு என்றேன் நான். கடைசியில் மதிப்பெண் குறையவில்லை. விதிவிலக்கு தரப்பட்ட காரணம் பதிவேட்டில் எழுதப்பட்டது.

மொத்தத்தில் கட்டுரைகள் நீளத்தில் குறைந்தன, வாதத்தில் கூடின. முதல் வரைவில் ஒப்பேற்றிய சிலர் இரண்டாவதில் தடுமாறி முன்பைவிடக் குறைவாக வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வரையறை எழுதி மதிப்பெண் பெறப் பழகியவர்களுக்கு இந்த வடிவம் கடுமையானது.

அடுத்த முறை மாறப்போவது

படத்தை ஒரே மூச்சில் காட்டுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. பயிற்சி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, தாங்கள் எடுத்த கோட்பாட்டின்படி இனி என்ன நடக்கும், 20 பேரில் யாருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று மாணவர்கள் எழுதித் தர வேண்டும். பெரும்பாலோருக்கு முடிவு தெரியும் என்பது இதற்கு இடையூறுதான். ஆகவே நாயகனை விட்டு, தேர்வாகாத 19 பேரைப் பற்றி எழுதச் சொல்லும் யோசனையும் இருக்கிறது. படம் அவர்களைப் பற்றி எதுவும் சொல்லாததால், மாணவர் கையில் கோட்பாடு மட்டுமே இருக்கும்.

தனி ஒருவர் உயர்வதையும் ஏணியின் அமைப்பு மாறுவதையும் வேறுபடுத்த, ஒரு சமூக நகர்வு அட்டவணையைப் படத்துக்கு முன்பே வகுப்பில் படிக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். தந்தையின் தொழில் ஒரு பக்கம், பிள்ளையின் தொழில் மறுபக்கம் என்று போடும் எளிய அட்டவணை போதும். கார்ட்னர் வகையினர் அதில் ஒரு கட்டத்தில் சிறு எண்ணாக இருப்பார்கள். இதற்கு இரண்டு வகுப்புகள் கூடுதலாகத் தேவைப்படும், பாடத்திட்டத்தில் அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஒற்றைக் காட்சி விதி நீடிக்கிறது. அதில் 'அல்லது படத்தில் இல்லாமல் போன ஒன்று' என்ற சொற்கள் இப்போது சேர்க்கப்பட்டிருக்கின்றன.